நீலக்கரைக் கோப்பைகள்

வீடு வாசலை விட்டுவிட்டுக் காட்டில் போய்ப் படுப்பதற்கு இப்போது ஆட்கள் பணம் கொடுக்கிறார்களாம். எங்கள் காலத்தில் அதற்குப் பெயர் விசர் வேலை. "கூரை இருக்க ஆரும் மரத்துக்குக் கீழ போய்க் கிடப்பினமோ?" என்று உப்புவெளியில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒவ்வோர் ஆவணியும் வேலிக்கு மேலால் கேட்பார்கள். அப்பாவோ முற்றத்தில் படங்கை விரித்து, ஓட்டை பார்த்து, ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருப்பார்.

அந்தப் படங்கு ஒரு கப்பலுடையது. அப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். கப்பலின் சரக்கறையை மூடி மூடிப் பழசாகிப்போன தார்ச்சீலை ஒன்றை, கழித்துப் போடும்போது கேட்டு எடுத்து வந்திருந்தார். எண்ணெயும் தேயிலையும் கலந்த ஒரு மணம் அதிலிருந்து போகவே இல்லை. உச்சி வெயிலில் அதற்குக் கீழே கிடந்தால் யாரோ பக்கத்தில் தேத்தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று தோன்றும். தம்பி ஒவ்வொரு முறையும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு ஏமாந்து வருவான்.

நாங்கள் போகும் இடம் நிலாவெளியைத் தாண்டி, கடலுக்கும் களப்பு என்கிற உப்பங்கழிக்கும் நடுவே ஒடுங்கலாய்க் கிடந்த காடு. பாலையும் வீரையும் நின்றன. மரங்களுக்கு இடையால் பார்த்தால் கடல் தெரியும். காவலும் இல்லை, கட்டுப்பாடும் இல்லை. வந்தவர்கள் விரும்பிய மரத்தடியைப் பிடித்துக்கொள்ளலாம். அந்த மாதத்தில் கச்சான் காற்று தரைப்பக்கமிருந்து வீசும், கடல் குளம் மாதிரி அடங்கிக் கிடக்கும். மணலைக் கையால் தோண்டினால் முழங்கை ஆழத்தில் நல்ல தண்ணீர் ஊறும். அந்தக் குழியைப் பூவல் என்போம். ஆசைப்பட்டு ஆழமாய்த் தோண்டினால் உப்பு வந்துவிடும். பாலைப்பழம் முடிகிற காலம் என்றாலும் எங்களுக்கு மிச்சம் இருக்கும். அதைத் தின்றால் அதன் பாலில் உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகளின் வாயை அடைக்கக் கடவுள் படைத்த பழம் என்பார் அப்பா.

அங்கே நாங்கள் தனியாகப் போவதில்லை. கிண்ணியாப் பக்கம் குறிஞ்சாக்கேணியிலிருந்து இன்னொரு குடும்பமும் வரும். அந்தக் குடும்பத்துத் தலைவர் துறைமுகத்தில் அப்பாவோடு வேலை செய்தவர். அப்பா கிரேனின் உச்சியில் இருப்பார். அவர் கீழே கப்பல் தட்டில் நின்று கையால் சைகை காட்டுவார். ஒருவர் கையை மற்றவர் நம்பினால்தான் அந்த வேலை நடக்கும். அவரை அப்பா நானா என்று கூப்பிட்டார். அவருடைய மனைவியை அம்மா ராத்தா என்று கூப்பிட்டார். முஸ்லிம் ஆட்கள் அண்ணனையும் அக்காவையும் அப்படித்தான் சொல்வார்கள். பிள்ளைகளுக்கு அவர் மாமி. ஆனால் இன்றைக்கு நினைக்கும்போது அம்மாவின் வாயில் வந்த பெயர்தான் எனக்கும் வருகிறது.

அம்மா ஒற்றைப் பிள்ளை. கூடப்பிறந்தவர்கள் இல்லாத வீட்டில், சத்தம் போடாமல் சிரிக்கப் பழகி வளர்ந்தவர். ராத்தாவோ சிரித்தால் மரத்திலிருக்கிற மந்திகள் இடம் மாறும். இந்த இரண்டு பேருக்கும் எப்படி ஒத்துப்போனது என்று எனக்கு விளங்குவதில்லை. ஆனால் ஒத்துப்போனது. பகல் முழுக்க ஒரே அடுப்படியில் இருந்து இறால் உடைப்பார்கள், தேங்காய் திருவுவார்கள், கதைப்பார்கள். ஆண்கள் எழும்புவதற்கு முன், விடியற்காலையில், உடுத்த உடுப்போடு இரண்டு பேரும் கடலில் இறங்குவார்கள். கடற்கரையில் பிறந்து வளர்ந்தும் அம்மாவுக்குக் கடல் பயம். ராத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு வரைக்கும் போவார். "விட்டிராதீங்கோ ராத்தா" என்று அம்மா கத்துவதும், "உட மாட்டன், நீங்க என்னைய உடுங்க முதல்ல, நகம் குத்துது" என்று ராத்தா சிரிப்பதும் படங்குக்குள் கிடக்கிற எனக்குக் கேட்கும். வீட்டில் அம்மா கத்தி நான் கேட்டதில்லை.

இவ்வளவு சிநேகத்துக்கு நடுவே ஒன்றே ஒன்று அம்மாவால் முடியாமல் இருந்தது. அது சாப்பாடு.

ராத்தாவின் வீட்டார் சகனில் சாப்பிடுகிறவர்கள். சகன் என்பது அண்டா மூடியைப் போல அகன்ற ஒரு தாம்பாளம். நடுவில் சோறு, அதற்கு மேல் கறி. சுற்றிவரப் பாயில் உட்கார்ந்து, எல்லோரும் அதிலேயே கை வைத்துத் தின்ன வேண்டும். அவரவர் முன்னுக்கு இருக்கிற பங்கைத்தான் தொடலாம், அடுத்தவர் பக்கம் கை போகக்கூடாது. நல்ல துண்டு உன் பக்கம் இருந்தால் அதை அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுவது அழகு. காட்டுக்கு வரும்போது அந்தச் சகனைப் புற்பாயில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல் ராத்தா தூக்கிவருவார். முதலில் ஆண்களுக்கு ஒரு தரம், பிறகு பிள்ளைகளுக்கு, கடைசியில் பெண்களுக்கு. தம்பியும் நானும் அதில் கை வைக்க ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. அம்மா தடுக்கவும் இல்லை. பிள்ளைகளுக்கு எச்சில் இல்லை என்பது அவருடைய சட்டம்.

பெரியவர்களுக்கு அந்தச் சட்டம் வேறு. அம்மாவை வளர்த்த வீட்டில் ஒருவர் வாய்வைத்த செம்பை மற்றவர் தொடுவதில்லை. தண்ணீரை அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். கட்டிய புருஷன் சாப்பிட்ட இலையில் சாப்பிடலாம், வேறு எவருடைய சோற்றிலும் கை படக்கூடாது. இது சாதி சமயம் பார்த்து வந்ததல்ல. சொந்த மாமியின் கோப்பையிலும் அம்மாவின் கை போகாது. தட்டைத்தான் எங்கள் ஊரில் கோப்பை என்போம்.

"தங்கச்சி, வாங்க, ஒண்டா இருந்து தின்னுவம்" என்று ராத்தா பாயைத் தட்டிக் காட்டுவார்.

"நீங்கள் சாப்பிடுங்கோ ராத்தா, நான் பிறகு" என்பார் அம்மா. ஒருநாள் வெள்ளிக்கிழமை விரதம். ஒருநாள் தலையிடி. ஒருநாள் அடுப்பில் ஏதோ கிடக்கிறது. எல்லோரும் கை கழுவிய பிறகு அடுப்புக்குப் பின்னால் ஒதுங்கியிருந்து, சட்டியில் மிஞ்சியதைத் தன் கோப்பையில் போட்டுத் தின்பார்.

ஒருநாள் எனக்குத் தலை இழுத்துக்கொண்டிருக்கும்போது அம்மா தானாகச் சொன்னார். "எனக்கும் அதில இருக்க விருப்பம்தான் பிள்ளை. அவ கூப்பிடேக்க நெஞ்சு போகுது. கை போகுதில்லை." சீப்பு அப்படியே என் தலையில் நின்றது. "ஒரு நாளைக்கு எண்டாலும் அவவோட சரிக்குச் சரி இருந்து சாப்பிடோணும்" என்று சொல்லிவிட்டு மறுபடி இழுக்கத் தொடங்கினார். இந்த வயதிலும் என் தலையில் அந்தச் சீப்பு நின்ற இடம் எனக்குத் தெரியும்.

அடுத்த ஆவணி வருவதற்குள் அம்மா தன் மூளையைப் போட்டுக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்தார். பட்டினத்துக் கடையில் புத்தம்புது எனாமல் கோப்பைகள் வாங்கினார். வெள்ளைக் கோப்பை, விளிம்பில் நீலக் கரை, நடுவில் ஒரு சின்னப் பூ. ராத்தாவுக்கும் நானாவுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒன்று. எங்கள் வீட்டுக் கோப்பைகள் ஏன் ஆகாது என்று நான் கேட்டேன். அம்மா குரலைத் தாழ்த்தினார். அப்பாவின் கூட்டாளிகள் எப்போதாவது காட்டுப்பன்றி இறைச்சி கொண்டுவந்து தருவார்கள். அதைத் தின்ற கோப்பையில் முஸ்லிம் ஆட்களுக்குச் சோறு போடுவது பாவம். அதனால்தான் புதுசு. கோப்பையில் போட்டுக் கொடுத்தால் அவரவர் சோறு அவரவருக்கு. தானும் தன் கோப்பையோடு ராத்தாவுக்குப் பக்கத்தில், பாயில் உட்காரலாம். எச்சிலும் இல்லை, பாவமும் இல்லை. அம்மாவின் முகத்தில் ஒரு வெற்றி தெரிந்தது. இதைவிட மரியாதையாய் ஒரு மனுசி இன்னொரு மனுசியை எப்படி உபசரிக்க முடியும்?

இந்த மரியாதை என்ற ஒன்று இல்லாதிருந்தால் எங்கள் நாட்டில் பாதிப் பேர் இன்னும் சிநேகமாய் இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

காட்டில் முதல் நாள் மத்தியானம். பாரை மீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, ராத்தா கொண்டுவந்த எருமைத் தயிர். ராத்தா வழக்கம்போலப் பாயை விரித்து, சகனின் கட்டை அவிழ்க்கத் தொடங்கினார். அப்போது அம்மா ஒரு வெள்ளைத் துணிப் பொட்டலத்தோடு வந்தார். பிரித்தார். நீலக்கரைக் கோப்பைகள் பளபளத்தன.

"ராத்தா, இது உங்களுக்கெண்டு வாங்கினது. எங்கட கோப்பையளோட சேர்க்க இல்லை, தனியத்தான் வச்சிருக்கிறன்."

பன்றி என்ற சொல்லை அவர்களுக்கு முன்னால் எடுப்பது பண்பில்லை என்று அம்மா காரணத்தைச் சொல்லவில்லை. ராத்தா கோப்பைகளைப் பார்த்தார். ஒன்றைக் கையில் எடுத்து, திருப்பி, பின்பக்கத்தையும் பார்த்தார். "நல்ல வடிவு தங்கச்சி" என்றார். பிறகு சகனைத் திரும்பப் பாயில் சுற்றிக் கட்டி, மரத்தோடு சாய்த்து வைத்தார்.

அன்றைக்கு அம்மா ராத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். எத்தனையோ வருடத்து ஆசை. குழம்பு ஊற்றி ஊற்றிக் கொடுத்தார். வேண்டாம் என்று ராத்தா ஒரு தரமும் சொல்லவில்லை, சத்தமாகச் சிரிக்கவும் இல்லை. சாப்பாடு முடிந்ததும் அம்மா நீலக்கரைக் கோப்பைகளை மட்டும் தனியாக எடுத்து, பூவலில் தனியாகத் தண்ணீர் அள்ளி, சாம்பல் போட்டு மினுக்கி, பழையபடி வெள்ளைத் துணியில் கட்டினார். எங்கள் கோப்பைகளோடு அவை முட்டிக்கூடக் கொள்ளக்கூடாது என்பதில் அவ்வளவு கவனம். அந்தக் கவனம் முழுவதையும் ராத்தா அடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் எங்களுக்குத்தான் பொறுக்கவில்லை. சகனில் துண்டு தள்ளி விளையாடுகிற விளையாட்டு போய்விட்டதே என்று தம்பி அழுதான். அவனுக்கு இருந்த புத்தி பெரியவர்கள் ஒருவருக்கும் இருக்கவில்லை.

திரும்பும் நாளில் அம்மா அந்தப் பொட்டலத்தை ராத்தாவின் சாமான்களோடு ஏற்றிவிட்டார். "இது உங்களுக்குத்தான், கொண்டு போங்கோ." ராத்தா கொண்டுபோனார்.

அடுத்த ஆவணி அவர்கள் வரவில்லை. நானாவின் வீட்டில் வேளாண்மை வேலையாம் என்று அப்பா வந்து சொன்னார். அதற்கடுத்த வருடம் மகனுக்குச் சுகமில்லையாம். அதற்கடுத்த வருடம் என்ன காரணம் என்று நினைவில்லை. காரணத்துக்கா பஞ்சம்? துறைமுகத்தில் அப்பாவும் நானாவும் பழையபடி ஒருவர் மேலே, ஒருவர் கீழே. கப்பல் கப்பலாய்ச் சரக்கைத் தூக்கி இறக்கினார்கள். இந்த ஒரு சங்கதியைத் தூக்க இரண்டு ஆம்பிளையாலும் ஏலாமல் போயிற்று. நானாவுக்கு விசயம் தெரிந்திருக்க வேண்டும். அப்பா கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அப்பா கேட்கவில்லை. கூட்டாளியின் வீட்டுக் கதையைக் கேட்பது அழகில்லையாம். இங்கேயும் மரியாதை.

நாங்கள் தொடர்ந்து போனோம். அங்கே போய்ச் சேர்ந்ததும் அம்மா முதல் வேலையாக, எங்கள் படங்குக்குப் பக்கத்தில் ராத்தா குடும்பம் தங்கும் பாலைமரத்தடியையும் கூட்டித் துப்புரவாக்குவார். "இடையில வந்தாலும் வருவினம்" என்பார். காட்டில் விழுகிற சருகுக்கு முடிவேது? மறுநாளும் கூட்டுவார். விடியற்காலையில் கடலுக்குப் போவதை விட்டுவிட்டார். நான் கூட வருகிறேன் என்றேன். "உன்னைப் பிடிச்சுக்கொண்டு நான் இறங்கிறதோ? ரெண்டு பேரும் போய்ச் சேரத்தான்" என்று மழுப்பினார். பிறகு நாங்கள் வளர்ந்தோம். தம்பி வேலைக்கு என்று கொழும்புக்குப் போனான். அப்பா ஓய்வு பெற்று, அடுத்த வருடமே காலமானார். நானா செத்தவீட்டுக்கு வந்து பந்தலின் ஓரமாய் நின்று கண்ணைத் துடைத்துவிட்டுப் போனார். ராத்தா வரவில்லை. படங்கு பரணில் ஏறியது.

எனக்கு முதல் ஆசிரியர் நியமனம் கந்தளாயில் கிடைத்தது. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு பஸ்சுக்கு நிற்கும்போது, கைக்குழந்தையோடு ஒரு பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராத்தாவின் மூத்த மகள். காட்டில் என்னோடு ஒரே சகனில் துண்டு தள்ளி விளையாடியவள். சீனித் தொழிற்சாலையில் வேலை செய்கிற ஒருவரைக் கட்டிக்கொண்டு அங்கே வந்திருந்தாள். பஸ் வரும்வரை கதைத்தோம். ஏன் காட்டுக்கு வராமல் விட்டீர்கள் என்று நான் சும்மா கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

"உங்கட அம்மா எங்களுக்கு வேறயா கோப்பை தந்தாவே, நினைவிருக்கா? உம்மா அண்டைக்குச் சரியா அழுதவ. 'இவ்வளவு நாளும் என்ட சகன்ல கை வைக்காம ஒதுங்கினது ஏனெண்டு இப்பதான் விளங்குது. நாங்க தொட்டது தீட்டாம். கழுவுறதும் தனியாக் கழுவுறா' எண்டு வாப்பாட்டச் சொன்னவ. வாப்பா எவ்வளவு சொல்லியும் கேட்கல்ல. நாங்களும் சின்னப் புள்ளைகள்தானே."

நான் அவளிடம் பன்றி இறைச்சியைச் சொன்னேன். எச்சிலைச் சொன்னேன். தலைவாரிய அன்று அம்மா சொன்னதையும் சொன்னேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "யா அல்லாஹ்" என்றாள். குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். பஸ் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று பலமுறை யோசித்திருக்கிறேன். குசினிக் கதிரையில் இருந்த அம்மா, "அது புதுசு" என்றார். மறுபடியும், "புதுசெண்டபடியாத்தானே குடுத்தனான்" என்றார். எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அம்மா பன்றி என்று சொல்லியிருக்கலாம். ராத்தா ஏன் தனியே என்று கேட்டிருக்கலாம். நல்ல மனுசர் இரண்டு பேர் ஒருவர் மனசை ஒருவர் நோகடிக்கக் கூடாதென்று பார்த்துப் பார்த்து நடந்து, வருடக்கணக்காய் நோகடித்துக்கொண்டார்கள்.

அம்மா ஒரு முடிவுக்கு வந்தார். "சித்திரை லீவுக்கு என்னைக் குறிஞ்சாக்கேணிக்குக் கூட்டிக்கொண்டு போ. போய் அவவின்ர சகன்ல இருந்து சாப்பிட்டிட்டு வாறன். வாயால சொல்லி விளங்கப்படுத்துறதெல்லாம் சரிவராது." இதற்கு அவர் செய்த ஆயத்தத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும். நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து உட்காருவார். என் கோப்பையின் ஓரத்தில் விரல் நுனியால் ஒரு சோற்றை எடுப்பார். கண்ணை மூடிக்கொண்டு, மருந்து விழுங்குகிற மாதிரி விழுங்குவார். அடுத்த நாள் இரண்டு விரல். பிறகு ஒரு பிடி. லீவு வருவதற்குள் அம்மாவின் கை பழகிவிட்டது. "இப்ப போகுது பிள்ளை" என்று சின்னப்பிள்ளை மாதிரி சந்தோசப்பட்டார்.

கிண்ணியாத் துறையில், ஆட்களையும் பஸ்சையும் சேர்த்து ஏற்றிக் கடக்கிற பாதை என்கிற மிதவையில் நின்றபோது அம்மா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. பசியோடு போய் வயிறாரத் தின்ன வேண்டுமாம்.

ராத்தா வாசலுக்கு ஓடிவந்தார். தலை நரைத்திருந்தது, சிரிப்பு அப்படியே. மகள் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள் என்பது அவர் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்த பிடியில் தெரிந்தது. இரண்டு பேரும் பழைய கதையை எடுக்கவே இல்லை. அப்பா போனதைப் பற்றி அழுதார்கள். காட்டில் மந்தி பாண் ரொட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிய கதையைச் சொல்லிச் சிரித்தார்கள். குசினியிலிருந்து இறைச்சிக்கறி வாசம் வந்தது. உள் அறையில் பெண்களுக்குப் பாய் விரித்தார்கள். நடுவில் அந்தச் சகன் வந்தது. அதே சகன், விளிம்பில் ஒரு நெளிவு கூடியிருந்தது. அம்மா சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு எழுந்தார்.

அப்போது ராத்தா அலுமாரியைத் திறந்தார். ஒரு வெள்ளைத் துணிப் பொட்டலம். கோப்பைக்குக் கோப்பை நடுவில் கடதாசி வைத்து, பூ அழியாமல், கீறல் விழாமல், நீலக்கரைக் கோப்பைகள் இருந்தன.

"தங்கச்சி, உங்கட கோப்பை. அண்டைக்குப் பிறகு ஒருத்தரையும் தொட உடல்ல. உங்களுக்கு ஒருத்தர் கைபட்ட சோறு தின்ன ஏலாதெண்டு மகள் சொன்னா. அது தெரியாமப் போச்சே எனக்கு. நீங்க என்ட வீட்டுல வந்து கஷ்டப்படக்கூடா."

அவர் முகத்தில் குத்தலும் இல்லை, குறையும் இல்லை. பெரிய பிழையொன்றைத் திருத்திவிட்ட நிம்மதி மட்டும் இருந்தது. அம்மாவின் கோப்பையில் முதல் அகப்பை சோறு விழுந்துவிட்டது. நான் வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினார்.

எங்கள் இருவருக்கும் ஒரு பக்கத்தில் கோப்பைகள். ராத்தாவும் மகளும் மருமகளும் சகனைச் சுற்றி. ஒரே பாய், ஒரு கை நீளத்துக்கு இடைவெளி. சகனில் இருந்த நல்ல துண்டுகளை ராத்தா தொடாமல் கரண்டியால் எடுத்து எடுத்து அம்மாவின் கோப்பையில் வைத்தார். அம்மா எல்லாவற்றையும் தின்றார். "நல்லாயிருக்கு ராத்தா" என்றார். அவ்வளவு காலம் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை வேண்டாம் என்று தள்ள அவருக்கு மனம் வரவில்லை. தள்ளியிருக்க வேண்டும். அன்றைக்கும் அப்படித்தான் நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

திரும்பும்போது ராத்தா துறை வரைக்கும் வந்தார். பாதை கரை தட்டியது. ஏறுகிற நேரத்தில் அம்மா சட்டென்று திரும்பி, கடலில் பிடித்தது போலவே ராத்தாவின் கையைப் பிடித்தார்.

"ராத்தா, வாற ஆவணிக்குக் காட்டுக்குப் போவம். சகனைக் கொண்டு வாங்கோ. எனக்குக் கோப்பை வேண்டாம்."

ராத்தா அம்மாவையே பார்த்தார். விளங்கியது. முகம் கோணி, அழுகை வந்து, அதற்குள் சிரிப்பும் வந்துவிட்டது. "கொண்டு வாறன் தங்கச்சி. இன்ஷா அல்லாஹ், கட்டாயம் கொண்டு வாறன்" என்றார். பாதை நகர்ந்த பிறகும் கரையில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அம்மா அன்றைக்கு என் முன்னாலேயே அழுதார். அது சந்தோச அழுகை.

ஆடி பிறந்ததும் அம்மா படங்கைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னார். இரண்டு பேருமாகக் கிணற்றடியில் போட்டுக் கழுவினோம். ஓட்டைகளைத் தைத்தோம். தேயிலை மணம் இன்னும் கொஞ்சம் இருந்தது. வேலியில் விரித்துப் போட்டபோது, "இந்த வயசில திரும்பவுமோ?" என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள்.

"ஓம். என்ர ராத்தாவும் வாறா" என்றார் அம்மா.

அது எண்பத்து மூன்றாம் ஆண்டு. அந்த ஆடிக் கலவரத்தில் எங்கள் ஊரிலும் நாட்டிலும் தமிழருக்கு நடந்ததை நான் எழுதத் தேவையில்லை, எழுதியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நாங்கள் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டோம். படங்கு வேலியிலேயே காய்ந்துகொண்டு கிடந்தது. அதற்குப் பிறகு நிலாவெளிக் காட்டுக்கு நாங்கள் போகவில்லை, கிண்ணியாத் துறையையும் கடக்கவில்லை.

முதல் கிழமை, ஏழு நாளும், ஒரு கோயில் மண்டபத்தில் இருந்தோம். அங்கே சோறு வந்தது, இலை போதவில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண்ணும் அம்மாவும் ஒரே இலையில் கை வைத்துத் தின்றதை நான் பார்த்தேன். அம்மா யோசிக்கவே இல்லை. தன் பக்கம் கிடந்த கத்தரிக்காய்த் துண்டை அந்தப் பெண்ணின் பக்கம் தள்ளிவிட்டார். பிறகு எத்தனையோ ஊர்களில், எத்தனையோ பேரோடு அப்படிச் சாப்பிட்டார். ராத்தாவின் சகனில் மட்டும் அம்மாவின் கை ஒருநாளும் படவில்லை.